வரிப்பேரேடும் கிரயப்பதிவும்: அமெரிக்கக் கவுண்டி ஆவணங்கள்வழி நில உரிமை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நில உரிமை மாற்றங்களும் சொத்துவரி மதிப்பீடுகளும் பெரும்பாலும் ‘கவுண்டி’ என்னும் உள்ளாட்சி அலகின் அலுவலகங்களில் பதிவாகின்றன. வரி தண்டுவதற்கும் கிரயங்களைப் பாதுகாப்பதற்கும் உருவான இவ்வாவணங்கள், எழுத்துச் சான்றுகள் குறைவாகக் கிடைக்கும் மக்கள் பிரிவினரின் வரலாற்றை எழுதுவதற்கும் பயன்பட்டுள்ளன. இவ்வாவணங்களின் வகைகளையும் தேடும் முறையையும் விளக்கி, ஜார்ஜியா, கலிபோர்னியா, மினசோட்டா ஆகிய மூன்று மாநிலச் சான்றுகளின்வழி அவற்றின் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வரிப்பேரேட்டையும் கிரயப்பதிவையும் தனித்தனியே படிக்கும்போது தோன்றும் பிழையான முடிவுகளை, இரண்டையும் இணைத்துப் படிப்பதன்வழித் தவிர்க்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கவுண்டி, கிரயப்பத்திரம், வரிப்பேரேடு, நில உரிமை, டுபாய்ஸ், இனத்தடை விதி, வாரிசுச் சொத்து

முன்னுரை

நில வரலாற்றை ஆராய்வோர் இருவகை ஆவணங்களைச் சார்ந்து நிற்கின்றனர். ஒன்று, உரிமை கைமாறிய நிகழ்வைக் கூறும் பத்திரம். மற்றொன்று, நிலத்தை வைத்திருப்பவரிடம் அரசு ஆண்டுதோறும் வரி கேட்டதைக் கூறும் பேரேடு. தமிழகத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தின் கிரயப்பத்திரமும் வருவாய்த் துறையின் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவையும் இவ்விரு வகைக்கு அறிமுகமான எடுத்துக்காட்டுகள். இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு நோக்கங்களுடன் தோன்றியமையால் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. அப்பொருந்தாமையே பல வழக்குகளுக்குக் காரணமாகிறது. வரலாற்று ஆய்வாளருக்கோ அதுவே சான்றாகிறது.

அமெரிக்காவிலும் இத்தகைய இரட்டைப் பதிவு முறையே நிலவுகிறது. அங்கு இவை இரண்டும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. நிலம் வாங்குவோர் முந்தைய உரிமைகளைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பதிவுச் சட்டங்களின் அடிப்படையாக இருப்பதே இதற்குக் காரணம். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1640-இல் இயற்றிய சட்டம் இம்முறையின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. பதிவு செய்யப்படாத கிரயம் மூன்றாம் நபரைக் கட்டுப்படுத்தாது என்னும் கருத்து அங்கிருந்து பிற குடியேற்றங்களுக்கும் பரவியது.

கவுண்டி அலுவலகங்களும் ஆவண வகைகளும்

எல்லா மாநிலங்களிலும் நில ஆவணம் கவுண்டியில் இருக்கும் எனக் கொள்ளுதல் தவறாகும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மாண்ட் ஆகிய மாநிலங்களில் நகர எழுத்தர் அலுவலகங்களே கிரயப் பதிவுகளைப் பேணுகின்றன. லூசியானாவில் கவுண்டிக்கு இணையான அலகு ‘பாரிஷ்’ எனப்படுகிறது. அலுவலரின் பதவிப்பெயரும் மாநிலந்தோறும் மாறுபடும். ஜார்ஜியாவில் உயர்நிலை நீதிமன்ற எழுத்தர் பத்திரங்களைப் பதிவு செய்கிறார். கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் கவுண்டிப் பதிவாளர் அப்பணியைச் செய்கிறார். வரி மதிப்பீட்டாளரும் வரித்தண்டலரும் பெரும்பாலும் தனி அலுவலர்களாக இருப்பர்.

நிலத்தின் முதல் உரிமைமாற்றம் கவுண்டிப் பதிவுகளுக்கு முற்பட்டது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், கூட்டாட்சி அரசின் நிலங்களை ஆறு மைல் பக்கமுடைய சதுரங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் அளக்க வகை செய்தது. இந்நிலங்கள் தனியாருக்கு முதன்முதலில் வழங்கப்பட்டதற்கான உரிமையாணைகள் கூட்டாட்சி அரசின் நிலப் பதிவுகளில் உள்ளன. 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட 160 ஏக்கர் நிலங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஜார்ஜியா போன்ற பழைய மாநிலங்கள் தம் நிலத்தைத் தாமே வழங்கின. கிரீக், செரோக்கி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களை ஜார்ஜியா 1805 முதல் 1833 வரை குலுக்கல் முறையில் வெள்ளையர்களுக்குப் பகிர்ந்தளித்தது. எனவே, கவுண்டிப் பதிவேட்டின் முதற்பக்கத்திலிருந்து வரலாற்றைத் தொடங்கும் ஆய்வு, அப்பக்கத்திற்கு முன் நிகழ்ந்த பறிப்பைக் காணத் தவறிவிடும்.

கவுண்டி ஆவணங்களுள் வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதவை நான்கு: கிரயப்பத்திர நகல்களைக் கொண்ட தொகுதிகள், அடமானப் பதிவுகள், மனைப்பிரிவு வரைபடங்கள், வரி மதிப்பீட்டுப் பேரேடுகள். இவற்றோடு உயில், பாகப்பிரிவினை முதலியவற்றைக் கொண்ட வாரிசு நீதிமன்ற ஆவணங்களும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

தேடும் முறை

பத்திரத் தொகுதிகள் காலமுறையில் எழுதப்பட்டவை. நிலத்தின் வரிசையில் அமைந்தவை அல்ல. ஆகவே அவற்றுக்கு இரு பெயரடைவுகள் உருவாக்கப்பட்டன. ஒன்று எழுதிக்கொடுத்தவர் அடைவு. மற்றொன்று எழுதிவாங்கியவர் அடைவு. ஒரு நிலத்தின் வரலாற்றைப் பின்னோக்கிச் செல்ல விரும்புவோர், இன்றைய உரிமையாளரின் பெயரை எழுதிவாங்கியவர் அடைவில் தேடி, அவருக்கு விற்றவரைக் கண்டு, பின்னர் அவர் யாரிடம் வாங்கினார் என அதே அடைவில் தேட வேண்டும். இவ்வாறு கிடைக்கும் சங்கிலியை, எழுதிக்கொடுத்தவர் அடைவின்வழி முன்னோக்கியும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் உரிமைக்காலத்தில் அந்நிலத்தை அடமானம் வைத்தனரா, ஒரு பகுதியை விற்றனரா என்பது அப்போதுதான் புலப்படும். தமிழகத்தில் வில்லங்கச் சான்று தரும் செய்தியை அமெரிக்காவில் ஆய்வாளர் இவ்விரு அடைவுகளின்வழித் தாமே திரட்டுகிறார் எனலாம். சில கவுண்டிகளில் மட்டும் நிலத்தின் எண்ணைக்கொண்டு தேடும் அடைவும் உண்டு.

சங்கிலி அறுபடும் இடங்கள் பல. ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகள் பத்திரமின்றியே நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்திருப்பின், அடைவில் எதுவும் கிடைக்காது. இவ்விடத்தில் வரிப்பேரேடு உதவுகிறது. ஆண்டுதோறும் ஒரே பரப்பளவு எவர் பெயரில் வரி விதிக்கப்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்க்கும்போது, தந்தையின் பெயர் மறைந்து மகனின் பெயர் தோன்றும் ஆண்டு கிடைக்கிறது. அவ்வாண்டை அடிப்படையாகக் கொண்டு வாரிசு நீதிமன்ற ஆவணங்களைத் தேடலாம்.

பத்திரத்தில் கூறப்படும் விலையை அவ்வாறே ஏற்றல் கூடாது. ஒரு டாலரும் பிற மதிப்புடைய பலன்களும் பெற்றுக்கொண்டதாக எழுதும் வழக்கம் அமெரிக்கப் பத்திரங்களில் பரவலாக உண்டு. உண்மை விலையை மறைக்கும் இவ்வழக்கத்தை ஊடறுக்க உதவுவது பத்திரத்தில் ஒட்டப்பட்ட கூட்டாட்சி வருவாய் முத்திரையாகும். 1940 முதல் 1967 வரை 500 டாலருக்கு 55 சென்ட் என்னும் விகிதத்தில் இவ்வரி இருந்தது. எனவே 5 டாலர் 50 சென்ட் முத்திரை ஒட்டிய பத்திரம் ஏறத்தாழ 5,000 டாலர் விலையைச் சுட்டும். வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பழைய அடமானத் தொகை இக்கணக்கில் சேராது என்பதால், அடமானப் பதிவையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வரிமதிப்பும் சந்தைமதிப்பும் ஒன்றல்ல. இன்றைய ஜார்ஜியாவில் சொத்துவரி, சந்தைமதிப்பின் 40 விழுக்காட்டின்மீது கணக்கிடப்படுகிறது. கலிபோர்னியாவில் 1978-இல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, வரிமதிப்பை வாங்கிய காலத்து விலையோடு பிணைத்து, ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டிற்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. அடுத்தடுத்த இரு வீடுகள் வெவ்வேறு வரிமதிப்பைப் பெற்றிருப்பின் அது வீட்டின் தரவேறுபாட்டைக் காட்டும் எனக் கொள்ள இயலாது. வாங்கிய ஆண்டின் வேறுபாடாகவும் இருக்கலாம்.

ஜார்ஜியா: பிரித்தெழுதிய பேரேடு

1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைத்ததா என்பது அமெரிக்க வரலாற்றின் மையமான வினாக்களுள் ஒன்று. அவ்வாண்டு சனவரியில் தளபதி செர்மன் பிறப்பித்த ஆணையின்படி கடற்கரைப் பகுதியில் வழங்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதியைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் அரசு பழைய உரிமையாளர்களுக்கே திருப்பியளித்தது. அதன்பின் அம்மக்கள் பெற்ற நிலம் பெரும்பாலும் அவர்கள் தம் உழைப்பில் சேர்த்த பணத்தால் வாங்கியது.

இதனை அளந்து காட்டியவர் அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1900-இல் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த புள்ளிவிவரப் படங்கள் வைக்கப்பட்டன. 1901-இல் ஜார்ஜியாவின் கறுப்பின நில உரிமையாளர்கள் பற்றிய அவருடைய ஆய்வு கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் இதழில் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் அடிப்படை, கவுண்டி வரிப்பேரேடுகளிலிருந்து மாநிலக் கணக்குத் தலைவர் தொகுத்த அறிக்கைகளாகும்.

அப்பேரேடுகள் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பட்டியலாக எழுதின. இப்பிரிவினை சமத்துவ நோக்கில் செய்யப்பட்டதன்று. எனினும், அதன் விளைவாகவே கறுப்பின மக்களின் நிலப்பரப்பைத் தனியே கூட்டிக்காண முடிந்தது. பாரிஸ் படங்களின்படி, 1874-இல் அவர்களிடம் இருந்த நிலம் 3,38,769 ஏக்கர்; 1899-இல் அது 10,62,223 ஏக்கர். இருபத்தைந்து ஆண்டுகளில் நிலப்பரப்பு மும்மடங்குக்கும் மேல் பெருகியுள்ளது. விடுதலை பெற்றோர் பொருள் சேர்க்கும் திறனற்றவர் என்று அக்காலத்தில் பரப்பப்பட்ட கருத்துக்கு, அக்கருத்தை உடைய அரசின் வரிக்கணக்கே மறுப்பாக அமைந்தது.

அதே படத்தொகுதியின் மற்றொரு கணக்கு வேறு செய்தியைத் தருகிறது. ஜார்ஜியக் கறுப்பின மக்களின் வரிக்குரிய சொத்து முழுவதன் மதிப்பு 1875-இல் 53,93,885 டாலராகவும், 1890-இல் 1,23,22,003 டாலராகவும், 1899-இல் 1,34,47,423 டாலராகவும் இருந்தது. முதல் பதினைந்து ஆண்டுகளில் இரு மடங்கைக் கடந்த மதிப்பு, அடுத்த ஒன்பது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உயர்ந்துள்ளது. பருத்தி விலை வீழ்ந்த 1890-களின் நெருக்கடியையும், வாக்குரிமைப் பறிப்பும் கும்பல் வன்முறையும் மிகுந்த அக்காலச் சூழலையும் இத்தேக்கத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. ஏக்கர்க் கணக்கை மட்டும் நோக்குவோர் தொடர் வளர்ச்சியைக் காண்பர். மதிப்புக் கணக்கையும் நோக்குவோர் அவ்வளர்ச்சியின் தடையையும் காண்பர்.

மாநிலக் கூட்டுத்தொகை தனிமனிதரைக் காட்டாது. கவுண்டிப் பேரேட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே ஏக்கர், நிலமதிப்பு, வீட்டுப் பொருள்கள், கால்நடை, வேளாண் கருவி ஆகியவற்றின் மதிப்பு எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். வயதுவந்த ஆண்கள் தலைவரி செலுத்த வேண்டியிருந்தமையால், நிலமற்ற குத்தகை உழவரின் பெயரும் அதில் இடம்பெற்றது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்கள் 1921-இல் ஏற்பட்ட தீவிபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆகவே 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் எங்கிருந்தது, எதனை வைத்திருந்தது என்பதை அறிய வரிப்பேரேடு முதன்மைச் சான்றாகிறது. சொத்தில்லாத பெண்கள் தலைவரிக்கு உட்படாமையால் இப்பேரேட்டில் இடம்பெறவில்லை என்பது அதன் பெருங்குறை.

கலிபோர்னியா: பத்திரத்தில் ஒருவர், வயலில் ஒருவர்

பதிவேட்டில் உள்ள பெயர் உண்மை உரிமையாளரின் பெயராகவே இருக்கும் என்னும் எண்ணத்தைக் கலிபோர்னியச் சான்று கேள்விக்கு உட்படுத்துகிறது. 1913-ஆம் ஆண்டின் அயலார் நிலச் சட்டம், குடியுரிமை பெறும் தகுதியற்ற அயல்நாட்டவர் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்து, குத்தகையை மூன்று ஆண்டுகளுக்குள் கட்டுப்படுத்தியது. 1920-இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டுக் குத்தகையும் தடை செய்யப்பட்டது. இச்சட்டங்கள் முதன்மையாகச் சப்பானியரை நோக்கியவை. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையராகக் கருதப்படமாட்டார் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இந்தியரும் இத்தடைக்கு உட்பட்டனர்.

தென்கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் அப்போது பஞ்சாபி உழவர் பலர் குடியேறியிருந்தனர். அவர்கள் நம்பிக்கைக்குரிய வெள்ளையரின் பெயரிலும், பின்னர் அமெரிக்க மண்ணில் பிறந்தமையால் குடியுரிமை பெற்ற தம் குழந்தைகளின் பெயரிலும் நிலத்தை வைத்துக்கொண்டனர். அமெரிக்கக் குடியுரிமை உடைய மனைவியின் பெயரில் வைத்தலும் எளிதாக இல்லை. தகுதியற்ற அயலாரை மணந்த பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்னும் விதி 1922-ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தில் இருந்தது. 1931-இல்தான் அது நீக்கப்பட்டது. 1946-இல் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது. நிலத்தடைச் சட்டம் 1956-இல் நீக்கப்பட்டது.

இக்குடும்பங்களின் வரலாற்றை எழுதிய மானிடவியலாளர் கேரன் லியனார்டு, கவுண்டி ஆவணங்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் இணைத்துப் பயன்படுத்தினார். பத்திரத்தை மட்டும் படித்திருப்பின் அந்நிலங்கள் வெள்ளையருக்கும் சிறுவர்களுக்கும் உரியனவாகத் தோன்றியிருக்கும். பினாமி உரிமை என்னும் சொல்லை நன்கறிந்த இந்திய ஆய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. எனினும், இங்குப் பினாமி முறை வரி ஏய்ப்புக்காகவோ உச்சவரம்பை மீறவோ தோன்றவில்லை. உழுத நிலத்தை இழக்காமல் இருப்பதற்காகத் தோன்றியது என்பது வேறுபாடு.

ஹென்னபின்: பத்திரத்துள் எழுதிய தடை

பத்திரத்தின் முதன்மைச் செய்தியைவிட அதன் நிபந்தனை வரிகள் பெரிய சான்றாவதற்கு மினசோட்டா மாநிலத்தின் ஹென்னபின் கவுண்டி எடுத்துக்காட்டு. மினியாபொலிஸ் நகரம் இக்கவுண்டியில் அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கறுப்பினத்தவரும் ஆசியரும் உள்ளிட்ட பிரிவினருக்கு மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் இனத்தடை விதிகள் அங்குள்ள கிரயப்பத்திரங்களில் சேர்க்கப்பட்டன. இவை நிலத்தோடு ஒட்டிச்செல்லும் நிபந்தனைகள் என்பதால் பின்னர் வாங்குபவரையும் கட்டுப்படுத்தின. 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் இவ்விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது.

பெயரடைவுகளில் இவ்விதிகள் இடம்பெறாமையால் நெடுங்காலம் இவற்றின் பரவலை அளக்க முடியவில்லை. 2016-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ ஆய்வுத்திட்டம், மின்படியாக்கப்பட்ட பத்திரங்களைக் கணினிவழி எழுத்துணர்ந்து, ஐயத்திற்குரிய சொற்கள் உள்ளவற்றைப் பிரித்து, தன்னார்வலரைக்கொண்டு படிக்கச் செய்து, வரைபடத்தில் இடம்குறித்தது. அடைவு எழுதியவர் முதன்மை எனக் கருதாத செய்தியே பிற்கால ஆய்வாளருக்கு முதன்மையாகலாம் என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

2019-இல் இயற்றப்பட்ட மினசோட்டாச் சட்டம், வீட்டு உரிமையாளர் இவ்விதியை விலக்கிக்கொள்வதாகப் பதிவு செய்ய வழிவகுத்தது. பழைய பத்திரம் அழிக்கப்படுவதில்லை. விலக்கும் ஆவணம் அதனோடு சேர்க்கப்படுகிறது. அநீதியின் சட்டப்பயனை நீக்கி, அதன் சான்றை நிலைநிறுத்தும் இம்முறை ஆவணப் பாதுகாப்பு நோக்கில் குறிப்பிடத்தக்கது.

ஆவணங்களின் வரம்புகள்

கவுண்டி ஆவணங்கள் அழிவுக்கு அப்பாற்பட்டவை அல்ல. உள்நாட்டுப் போரிலும் பின்னர் ஏற்பட்ட தீவிபத்துகளிலும் தென்மாநில நீதிமன்றக் கட்டடங்கள் பல எரிந்தன. 1871-ஆம் ஆண்டின் சிகாகோ பெருந்தீயில் குக் கவுண்டியின் பத்திரப் பதிவுகள் அழிந்தன. தனியார் நிறுவனங்கள் தம் தொழிலுக்காக எடுத்துவைத்திருந்த உரிமைச் சுருக்கக் குறிப்புகள் காப்பாற்றப்பட்டமையால் நில உரிமைகளை மீட்டமைக்க முடிந்தது. மூல ஆவணம் இழக்கப்பட்ட கவுண்டிகளில், மாநிலத் தலைநகருக்கு அனுப்பப்பட்ட வரிப்பேரேட்டு நகல் ஆய்வாளருக்கு மாற்றுச் சான்றாகிறது.

வரிப்பேரேடு நில உரிமைக்கு முடிவான சான்றன்று. வரி செலுத்தும் பொறுப்பை மட்டுமே அது காட்டும். இறந்தவரின் பெயரில் பல்லாண்டு வரி விதிக்கப்படுதலும் உண்டு. உயிலின்றி வாரிசுகளுக்குச் சென்ற நிலம், தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. பங்காளிகளுள் ஒருவரின் சிறுபங்கை வாங்கிய வெளியார், நிலம் முழுவதையும் ஏலத்திற்குக் கொண்டுவர நீதிமன்றத்தை நாடும் வழி நெடுங்காலம் திறந்திருந்தது. இதனைக் கட்டுப்படுத்தும் மாதிரிச் சட்டம் 2010-இல் உருவாக்கப்பட்டது. 2012-இல் ஜார்ஜியா அதனை ஏற்றது. இத்தகைய குடும்பங்களுக்குப் பழைய வரிப்பேரேட்டின் ஒரு வரி, முன்னோர் அந்நிலத்தில் இருந்தனர் என்பதற்கான எழுத்துச் சான்றாகிறது.

அப்பேரேடே நிலத்தைப் பறிக்கும் கருவியாகவும் இயங்கியுள்ளது. வரிநிலுவைக்காக நிலம் கவுண்டியின் கைக்குச் செல்லும் நடைமுறை இன்றும் உள்ளது. ஏறத்தாழ 15,000 டாலர் நிலுவைக்காகக் கையகப்படுத்திய வீட்டை 40,000 டாலருக்கு விற்று, எஞ்சிய தொகையையும் ஹென்னபின் கவுண்டி வைத்துக்கொண்டது அரசமைப்புக்கு முரணானது என 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே வரிப்பேரேட்டை நடுநிலையான தகவல் மூலமாகக் கருதாமல், நில உறவுகளில் தலையிட்ட ஓர் அதிகாரக் கருவியாகவும் ஆய்வாளர் படிக்க வேண்டும்.

முடிவுரை

கிரயப்பத்திரம் ஒரு நாளின் நிகழ்வைப் பதிவு செய்கிறது. வரிப்பேரேடு ஆண்டுகளின் தொடர்ச்சியைப் பதிவு செய்கிறது. ஜார்ஜியாவில் பேரேடு, நிலமற்றோர் எனக் கருதப்பட்டவர்களின் நிலத்தைக் காட்டியது. கலிபோர்னியாவில் பத்திரம், உழுதவரை மறைத்தது. ஹென்னபினில் பத்திரத்தின் நிபந்தனை வரி, ஒரு நகரத்தின் குடியிருப்பு அமைப்பை விளக்கியது. இம்மூன்றிலும் ஆவணத்தை உருவாக்கியவரின் நோக்கமும் ஆய்வாளர் அதிலிருந்து பெற்ற செய்தியும் வேறுபட்டவை.

தமிழக நில வரலாற்றை ஆராய்வோர்க்கு இதிலிருந்து பெறத்தக்க முறையியல் கருத்துகள் மூன்று. முதலாவது, பதிவுத் துறை ஆவணத்தையும் வருவாய்த் துறை ஆவணத்தையும் ஒரே நிலத்தைக்கொண்டு, ஒரே காலவரிசையில் இணைத்துப் படித்தல். இரண்டாவது, பரப்பளவையும் மதிப்பையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுதல். மூன்றாவது, பெயர் இல்லாத இடத்தை உரிமை இல்லாத இடமாகக் கொள்ளாமல், அப்பெயர் எழுதப்படாமைக்கான சட்ட, சமூகக் காரணத்தைத் தேடுதல். இம்மூன்றும் கூடும்போது, வரி தண்டுவதற்காக எழுதப்பட்ட பேரேடு, அவ்வரியைச் செலுத்தியவர்களின் வரலாறாகவும் படிக்கத்தக்கதாகிறது.